வீட்டுப் படங்களை எதில் வைப்பது? கிளவுட், ஹார்டு டிஸ்க், பிரிண்ட்

பெரியப்பா இறந்து மூன்று மாதம் கழித்து அவருடைய போனைத் திறக்க உட்கார்ந்தோம். பிறந்த நாள், திருமண நாள், பழைய வீட்டு எண், வண்டி எண் என்று பெரியம்மாவுக்குத் தோன்றிய எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். எதுவும் சரியில்லை. ஒவ்வொரு தவறுக்கும் போன் காத்திருக்கச் சொல்லும் நேரம் கூடிக்கொண்டே போனது. இணையம் வழியே படங்களைச் சேமிக்கும் அவருடைய கிளவுட் கணக்கு மடிக்கணினியில் திறந்தே இருந்தது, ஆனால் இடம் நிறைந்து இரண்டு வருடத்துக்கு முன்பே பேக்கப் நின்றுபோயிருந்தது. பேரன் பிறந்தது அதற்குப் பிறகுதான். அவனை மடியில் வைத்துப் பெரியப்பா எடுத்துக்கொண்ட படங்கள் அந்தப் போனுக்குள் மட்டுமே இருக்கின்றன.

அன்று மாலை பெரியம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய ஆல்பத்தை எடுத்து வந்தார். நாற்பது வருடத்துக்கு முந்தைய படங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பெரியப்பாவின் கையெழுத்தில் ஆண்டு, இடம், நிற்பவர்களின் பெயர். சின்னவன் முதல் பெரியம்மா வரை ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் கிளவுடா, ஹார்டு டிஸ்கா, பிரிண்டா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், எத்தனை ஜிபி என்று நான் ஆரம்பிப்பதில்லை. நீங்கள் இல்லாத நாளில் வீட்டில் யார் அதைத் திறப்பார்கள் என்று கேட்கிறேன். மூன்றையும் அந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றும் கெடும் விதம் வேறு

ஹார்டு டிஸ்க் ஒரு நொடியில் போய்விடும். உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருக்க, படிக்கும் முனை அதன்மேல் மயிரிழையை விடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் முனை தட்டில் உரசிவிடும். என் டிஸ்க் ஒன்று மேசை உயரத்திலிருந்துதான் விழுந்தது. மறுபடி செருகியபோது டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. மீட்டுத் தருகிறவர்கள் கேட்ட தொகையில் பல புது டிஸ்குகள் வாங்கலாம். அத்தனை கொடுத்தும் பாதிப் படங்கள்தான் திரும்பின.

விழாமலே இருந்தாலும் டிஸ்குக்கு ஆயுள் உண்டு. பேக்பிளேஸ் என்ற கிளவுட் நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்குகளில் எத்தனை பழுதாகின்றன என்ற கணக்கைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் அது ஒன்று முதல் இரண்டு சதவீதம். கேட்கச் சின்ன எண்தான். லட்சக்கணக்கில் டிஸ்க் வைத்திருப்பவர் பழுதானதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றைச் செருகுவார். நம்மிடம் இருப்பது ஒன்றே ஒன்று. சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்கினால் விழுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் அதில் தரவு மின்னூட்டமாக நிற்கிறது. மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் போட்டு வைத்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். எடுத்துப் பயன்படுத்திக்கொண்டே இருக்க நல்லது, அலமாரியில் பூட்டி மறந்துவிட ஏற்றதல்ல.

கிளவுடில் இந்தக் கவலை கிடையாது. ஒரு படத்துக்குப் பல பிரதிகளை அவர்களே வைத்திருக்கிறார்கள். அங்கே ஆபத்து விதிகளிலிருந்து வருகிறது. கூகுள் போட்டோஸ் 2015-இல் வந்தபோது, சற்றே சுருக்கிய படங்களை எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக வைக்கலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அது நின்றது. அதற்குப் பின் ஏற்றியவை ஜிமெயிலும் டிரைவும் பங்குபோடும் அதே 15 ஜிபியில் சேர்கின்றன. படம் பகிரும் தளமான பிளிக்கர் 2013-இல் ஒரு டெராபைட் (ஏறத்தாழ ஆயிரம் ஜிபி) இலவசம் என்று அறிவித்து, 2018-இல் அதை 1,000 படங்களாகச் சுருக்கியது. ஒரு காலத்தில் பெரிய சமூக வலைத்தளமாக இருந்த மைஸ்பேஸ் இன்னும் மோசம். சர்வர் மாற்றியபோது, பயனர்கள் பல ஆண்டுகளாக ஏற்றியிருந்த பாடல், படம், வீடியோ எல்லாம் அழிந்துபோனதாக 2019-இல் சொன்னது. கேட்க இடமில்லை, பெரும்பாலானவை திரும்பவும் வரவில்லை.

கணக்கே பறிபோவதும் உண்டு. 2022-இல் அமெரிக்காவில் ஒரு தந்தையின் கதை செய்தியானது. மருத்துவர் பார்ப்பதற்காகக் தன் சின்னக் குழந்தையின் உடல் பாகத்தைப் படம் எடுத்தார். அது தானாகக் கூகுளுக்கு ஏறியது. அங்கே தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படமாகக் குறித்தது. காவல்துறை விசாரித்து குற்றம் எதுவும் இல்லை என்று முடித்தது, ஆனால் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. மின்னஞ்சல், தொடர்பு எண்கள், மகனின் முதல் சில வருடப் படங்கள் எல்லாம் அதோடு போயின. குழந்தைகளைக் காக்க அப்படி ஒரு சோதனை வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் தவறு நடந்தால் முறையிட்டுக் கேட்க ஒரு மனிதர் எதிரில் இல்லாத இடத்தில், வீட்டின் ஒரே பிரதியை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். போனும் கிளவுடும் ஒன்றையொன்று பார்த்து நடக்கும்படி அமைந்திருந்தால், போனில் இடம் வேண்டும் என்று அழிக்கும் படம் கிளவுடிலும் அழியும். ஐகிளவுட் போட்டோஸ் அப்படித்தான் வேலை செய்கிறது. அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குப் பிறகு போனது போனதுதான். கூகுள் போட்டோஸில், பேக்கப் ஆன படங்களுக்கு 60 நாள். "கிளவுடில்தான் இருக்கிறதே" என்று நம்பி போனில் அழித்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

பிரிண்ட் போடும் படம் இப்படித் திடீரென்று காணாமல் போகாது. மெல்ல வெளிறும். வண்ணப் படத்தின் சாயம் வெயிலில் சீக்கிரம் மங்கும், இருட்டிலும் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். ஈரம் பட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பசைத் தாள்மேல் பிளாஸ்டிக் உறை மூடும் பழைய ஆல்பங்கள் மிகக் கெடுதல், பசையே படத்தை மஞ்சளாக்கிவிடும். ஆனால் அது கெடுவது கண்ணுக்குத் தெரியும். தெரியும்போதே ஸ்கேன் எடுத்துவிடலாம். அரைகுறையாய்க் கெட்ட படத்திலும் முகம் தெரியும்.

2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபின் சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் பொறுக்கி எடுத்தார்கள். யமமோட்டோ என்ற ஊரில் மட்டும் லட்சக்கணக்கான படங்களைக் கழுவி, உலர்த்தி, டிஜிட்டலாக மாற்றி, உரியவர்கள் வந்து தேடிப் பார்க்கும்படி வைத்தார்கள். கடல்நீரில் கிடந்த காகிதம் வீடு திரும்பியது. நனைந்த டிஸ்கிலிருந்து முகத்தைப் பார்த்து இது யாருடையது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அதே சமயம், ஒரே பிரதியாக வீட்டில் இருந்ததால்தான் அத்தனையும் சேற்றுக்குப் போயின என்பதையும் மறக்கக்கூடாது. கிளவுட் வெல்லும் இடம் அது. வீடு எரிந்தாலும் மூழ்கினாலும் அது வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது.

யார் திறப்பார்கள்?

பிரிண்டுக்கு இந்தக் கேள்வியே வேண்டாம். டிஸ்க் மற்ற பொருட்களைப் போல வாரிசுக்கு வந்து சேரும், சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை. பூட்டியிருந்தால் பாஸ்வேர்டு வேண்டும். பூட்டாவிட்டாலும் உள்ளே "புதிய கோப்புறை 3", "போன் பழசு", "கலந்தது" என்று இருந்தால், வைத்தவரைத் தவிர யாருக்கும் தலைகால் புரியாது. பத்து வருடம் போனால் செருகும் வயரும் கிடைப்பது கடினம்.

கிளவுடில்தான் சட்டம் குறுக்கே வருகிறது. கணக்கு யாருடையது? ஜெர்மனியில் ஒரு வழக்கு. 2012-இல் ரயில் மோதி இறந்த 15 வயது மகளின் பேஸ்புக் கணக்கைப் பார்க்கப் பெற்றோர் கேட்டார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நிறுவனம் மறுத்தது. கடிதமும் டைரியும் வாரிசுக்குப் போவதுபோல் கணக்கும் போகும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. நிறுவனம் 14,000 பக்கத்துக்கு மேற்பட்ட பிடிஎஃப் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தது. அது போதாது, கணக்கையே திறந்து பார்க்க விட வேண்டும் என்று 2020-இல் நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. எட்டு ஆண்டுகள். மகளை இழந்த பெற்றோர் நடக்க வேண்டிய நடையா அது?

உயிரோடு இருப்பவர் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் இது இல்லாமல் செய்யலாம். கூகுளில் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்ற அமைப்பு 2013-இலிருந்தே இருக்கிறது. 3 மாதம் முதல் 18 மாதம் வரை கணக்கில் நடமாட்டம் இல்லையென்றால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று நாமே எழுதி வைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். இதைச் செய்யாமல் விட்டால் எதிர்த்திசையில் ஒரு விதி இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கப்போவதாகக் கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அந்த டிசம்பரில் தொடங்கியது. ஆப்பிளில் 'மரபுத் தொடர்பு' என்ற வசதி 2021 டிசம்பரில் வந்தது. நாம் குறிப்பிடும் ஆளிடம் ஒரு சாவிக் குறியீடு இருக்கும். இறப்புச் சான்றிதழோடு அதைக் கொடுத்தால் மூன்று ஆண்டு வரை படங்களை எடுத்துக்கொள்ளலாம்.

தேடுவதும் பார்ப்பதும்

தேடுவதில் கிளவுடை எதுவும் தொட முடியாது. ஒரு முகத்தைத் தொட்டால் அந்த ஆளின் பத்து வருடமும் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் வீட்டில் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுவது ஆல்பம்தான். இருபதாயிரம் படத்தை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அறுபது படத்தைப் பார்ப்பார்கள்.

பிரிண்ட் போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் வந்த படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1,600 பிக்சல்தான். ஆறுக்கு நான்கு அங்குலத்துக்கு அது போதும், பெரிதாக்கினால் சிதறும். எடுத்தவரிடம் மூலப்படத்தை வாங்கிவிடுங்கள், அதுவும் அந்த வாரத்திலேயே. பின்பக்கம் பெயர் எழுத, வழவழப்பான இன்றைய தாளில் பென்சில் பிடிக்காது, பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தழும்பு விழ வைக்கும். படங்களில் எழுதுவதற்கென்றே வரும் மார்க்கர்தான் சரி.

சரி, நான் எதை எடுப்பேன்?

படக்கலைஞர்கள் சொல்லும் மூன்று, இரண்டு, ஒன்று என்ற கணக்கு நல்ல கணக்கு. பிரதி மூன்று, சாதன வகை இரண்டு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஆனால் அது படம் அழியாமல் இருக்க வழி சொல்கிறதே தவிர, யார் கைக்குப் போகும் என்று சொல்வதில்லை. என் வீட்டில் கிளவுட் தினசரிப் பிரதி. டிஸ்கில் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமும் இறங்கும். அந்த வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுவேன், செருகியே இருந்தால் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கணினிக்கு வந்தால் அதையும் பூட்டிவிடும். கூகுளிலிருந்து மொத்தமாக இறக்கும்போது தேதி, இடம் போன்ற விவரங்கள் படத்தோடு சேராமல் தனிக் கோப்புகளாகவும் வரும். அவற்றைத் தேவையில்லை என்று அழித்துவிடாதீர்கள். அப்புறம் வருடக் கடைசியில் அறுபது படம் பிரிண்ட், பின்னால் பெயரோடு.

இத்தனையும் முடியாது, ஒன்றுதான் செய்ய முடியும் என்பவருக்கு? கிளவுடையே சொல்வேன், இவ்வளவு குறை சொன்ன பிறகும். நாம் எதுவும் செய்யாமலே அன்றன்றைக்குப் பிரதி எடுப்பது அது ஒன்றுதான். டிஸ்கை நம்பி "அடுத்த ஞாயிறு" என்று தள்ளிப்போட்டே படங்களை இழந்தவர்கள் அதிகம். ஆனால் இடம் நிறைந்ததாக அறிவிப்பு வந்தால் அன்றே கவனியுங்கள், வாரிசு அமைப்பை இன்றைக்கே முடியுங்கள். படங்கள் சில நூறுதான் இருக்கின்றன, கணினி தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லை என்றால், தயங்காமல் பிரிண்ட்.

சென்ற மாதம் பெரியம்மாவின் போனில் அந்த அமைப்பைச் செய்து கொடுத்தேன். யார் பெயர் போடட்டும் பெரியம்மா என்று கேட்டதற்கு, "உன் பேரும் அக்கா பேரும் போடு, ஒருத்தர் ஊரில் இல்லாவிட்டாலும் இன்னொருத்தர் இருப்பீங்க" என்றார். பேரனின் படங்களில் அறுபதை அவரே பொறுக்கினார். கிளம்பும்போது பெரியப்பாவின் போனைக் கொண்டு வந்து, அதையும் சார்ஜில் போட்டுவிட்டுப் போ என்றார். எண் என்றைக்காவது நினைவுக்கு வந்தால், அப்போது போன் அணைந்து கிடக்கக்கூடாதாம்.