நிறை, இடுப்பு, உயரம்: மலையக உடலுக்கு எந்த அளவுகோல்?

உயரம் 145 சென்ரிமீற்றர், நிறை 50 கிலோ, இடுப்புச் சுற்று 78 சென்ரிமீற்றர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நடுத்தர வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். இவர் பருமனானவரா? எந்த அளவுகோலைக் கேட்கிறோமோ அதற்கேற்பப் பதில் மாறும்.

கிளினிக் சுவரில் தொங்குவது உடற்திணிவுச் சுட்டெண். நிறையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இவருக்கு 23.8 வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரம்பு 18.5 முதல் 24.9 வரை என்பதால் தேறிவிடுகிறார். ஆனால் ஆசிய உடல்களில், அதே சுட்டெண்ணிலும் கொழுப்பின் பங்கு பொதுவாகக் கூடுதல், நீரிழிவும் முந்திக்கொள்கிறது. ஆகவே ஆசியர் 23 இலேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்று அந்நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. அது வெளியானது 2004 இல். 145 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அந்த எல்லை 48 கிலோ சொச்சம். இந்தக் கணக்கில் தோற்றுவிட்டார்.

இந்தச் சூத்திரத்தை 1830களில் வகுத்த பெல்ஜியத்தின் கெட்டலே மருத்துவர் அல்லர். மனிதக் கூட்டத்தின் சராசரியைத் தேடிய புள்ளியியலாளர். தனி ஆளிடம் அது தடுமாறுவதில் வியப்பில்லை. 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள இருவரை எடுப்போம். தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை சுமப்பவர் 70 கிலோ, இடுப்பு 80. கடையில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் முதலாளி 62 கிலோ, இடுப்பு 92. சுட்டெண் முன்னவரை 25.7 என்று எச்சரிக்கிறது, பின்னவரை 22.8 என்று தட்டிக்கொடுக்கிறது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பைத் தராசு காணாது.

நாடா ஓரளவு காணும். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது வழக்கமான எல்லை. கடை முதலாளி இங்கே பிடிபடுகிறார். நம் தோட்டத்துப் பெண்ணோ 78 உடன் தப்பிவிடுகிறார். எனக்கு இந்த அளவுகோலில் நம்பிக்கை குறைவதும் இங்கேதான்: குள்ளமானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரே எண். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவாய்வில் தோட்டப்புறக் குழந்தைகளில் ஏறத்தாழ 32 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். நாட்டளவில் அது 17 வீதம். சிறு வயதில் இழந்த உயரம் பெரும்பாலும் திரும்புவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் உயரத்தை மறந்த அளவு எதற்கு?

ஆகவே என் தெரிவு, இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற விதி. பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் (NICE) நிறுவனமும் 2022 இல் இதைப் பரிந்துரைத்தது. கணக்குக்கூட வேண்டாம்: உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் சுற்றிப் பாருங்கள். முனைகள் சேராவிட்டால் கவனம் தேவை. நம் பெண்ணின் எல்லை 72.5, அவர் தாண்டிவிட்டார். மூட்டைக்காரர் 82.5க்குள் நிற்கிறார்.

ஆனால் மெலிவைப் பற்றி நூலுக்கு எதுவும் தெரியாது. அதே உயரத்தில் 38 கிலோ என்றால் சுட்டெண் 18.1, அதாவது குறைநிறை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் நிறையும் உயரமும் பார்த்து, மெலிந்த தாயை இனங்காண்பதற்குச் சுட்டெண்ணே உதவும். வயிறு வளரத் தொடங்கிய பின் இடுப்பளவுக்குப் பொருளே இல்லை. பிள்ளைகளுக்கோ மேற்சொன்ன நிறை எல்லைகள் எவையும் பொருந்தா. அவர்களுக்கு வளர்ச்சிப் பதிவேட்டின் கோடுகள் இருக்கின்றன.

நுவரெலியாக் குளிருக்கு இன்னொன்று. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கத் தவறுவதில்லை. ஆளை நிறுக்கும்போது மட்டும் ஸ்வெட்டரும் சப்பாத்தும் கணக்கில் ஏறிவிடுகின்றன. இரண்டையும் கழற்றுங்கள், நாடாவும் தோலின் மேல் படட்டும். நூல் சேராதவர்கள் பட்டினி கிடக்கத் தொடங்குவதற்கு முன், வெறும் வயிற்றில் சீனியையும் கூடவே இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. கடை முதலாளி முதல் ஆளாகப் போக வேண்டும்.