களஞ்சியத்துக்குள் களஞ்சியம்: சப்மாட்யூலா, சப்ட்ரீயா?

நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவியான கிட்டில், ஒரு களஞ்சியத்துக்குள் இன்னொன்றைக் குளோன் செய்துவிட்டு (நகலெடுத்துவிட்டு) வெளிக் களஞ்சியத்திலிருந்து 'கிட் ஆட்' கொடுத்தால், உள்ளிருக்கும் கோப்புகள் எவையும் சேர்வதில்லை. அந்த உள் கோப்புறை எந்தக் கமிட்டில் (வரலாற்றில் பதிவான எந்த நிலையில்) நிற்கிறது என்ற குறிப்பு மட்டுமே பதிவாகிறது. கிட் தரும் எச்சரிக்கையைக் கவனிக்காமல் புஷ் செய்தால் (பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பினால்), அடுத்தவருக்குக் கிடைப்பது வெற்றுக் கோப்புறைதான். மூலத்தின் முகவரிகூட இருக்காது. இதற்குக் கிட்டிலேயே இரண்டு தீர்வுகள் உள்ளன: 2007இல் 1.5.3 பதிப்புடன் வந்த சப்மாட்யூல், 2012இல் 1.7.11 பதிப்பில் சேர்க்கப்பட்ட சப்ட்ரீ.

சப்மாட்யூலும் அதே கமிட் குறிப்பைத்தான் வைக்கிறது. ஆனால் முகவரியையும் பாதையையும் 'கிட்மாட்யூல்ஸ்' கோப்பில் எழுதிவிடுகிறது. எந்தப் பதிப்பு என்பதில் ஐயமே எழாது, வெளிக் களஞ்சியத்தின் வரலாறும் பெருகாது. சிக்கல் அன்றாடப் புழக்கத்தில்தான் தொடங்குகிறது. 'சப்மாட்யூல் அப்டேட்' கொடுத்ததும் உள் களஞ்சியம் எந்தக் கிளையிலும் சேராத நிலையில் நிற்கும். அங்கேயே திருத்திக் கமிட் செய்பவர், அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு தம் வேலையைக் காணாமல், கிட் தன் நகர்வுகளைக் குறித்துவைக்கும் ரெஃப்லாக்கில் தேட வேண்டியிருக்கும். அதைவிடப் பொல்லாதது, உள்ளே செய்த கமிட்டைப் புஷ் செய்ய மறந்து வெளிக் களஞ்சியத்தை மட்டும் புஷ் செய்வது: அந்தக் கமிட் எழுதியவரின் கணினியில் மட்டுமே இருப்பதால், மற்ற எல்லோருக்கும் பில்ட் (நிரலைத் தொகுக்கும் வேலை) உடைகிறது.

சப்ட்ரீ உள் களஞ்சியத்தின் கோப்புகளையே வெளி வரலாற்றில் சேர்த்துவிடுகிறது. குளோன் செய்பவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. மூலக் களஞ்சியம் நாளை மறைந்தாலும் நிரல் நம்மிடம் இருக்கும். திருத்தங்களை மூலத்துக்குத் திருப்பி அனுப்பும்போதுதான் இந்த வசதிக்கு விலை கொடுக்கிறோம்: சப்ட்ரீயின் 'ஸ்ப்ளிட்' கட்டளை வரலாற்றைக் கமிட் கமிட்டாக நடந்து பிரித்தெடுப்பதால், நீண்ட வரலாற்றில் மிகவும் மெதுவாகும்.

ஆகவே, உள் நிரலுக்குத் தனிக் குழுவும் தனி வெளியீடுகளும் இருந்து, மாற்றங்கள் இரு திசையிலும் அடிக்கடி பாயுமானால் சப்மாட்யூலே பொருந்தும். அணுகல் உரிமை வேறுபடும் இடத்தில் வேறு வழியே இல்லை. சப்ட்ரீயில் வெளிக் களஞ்சியத்தைப் படிக்க முடிந்த எவரும் உள் நிரலையும் படித்துவிடுவார். எப்போதாவது புதுப்பிக்கும் சிறு நூலகத்துக்கு, உள் வரலாற்றை ஒரே கமிட்டாகச் சுருக்கும் 'ஸ்குவாஷ்' விருப்பத்துடன் சப்ட்ரீயையே நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். சப்மாட்யூலைத் தேர்ந்தெடுப்பவர்கள் 'புஷ்.ரீகர்ஸ்சப்மாட்யூல்ஸ்' அமைப்பை முதல் நாளே 'செக்' என்று வைத்துவிட வேண்டும். உள் கமிட் புஷ் ஆகாத நிலையில் வெளிப் புஷ்ஷைக் கிட் தானே மறுத்துவிடும்.