மயிலாப்பூர் மாடியில் ஸ்பானிய இறந்தகாலம்

மகள் மாட்ரிட்டில் குடும்பமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சம்பந்தியம்மாவுக்கு ஸ்பானியம் தவிர வேறு மொழி தெரியாது. வீடியோ அழைப்பில் சிரித்துக் கையசைப்பதோடு எங்கள் உறவு நின்றுவிடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. மகளின் சிறுவயதுக் கதைகளை என் வாயாலேயே அவருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு இறந்தகாலம் வேண்டும். மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு மாடிவீட்டில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். வார இறுதிக் காலைகளில் 24 வகுப்புகள், கட்டணம் 9,000 ரூபாய்.

முன்பு வேறோர் இடத்தில் ஆங்கிலம் வழியாகப் படித்தபோது, இறந்தகாலத்துக்கு ஏன் இத்தனை வடிவங்கள் என்றே விளங்கவில்லை. இங்கே ஆசிரியை தமிழைத்தான் முதலில் எடுத்தார். "சின்ன வயதில் என் மகள் தினமும் குளத்துக்குப் போவாள் என்று சொல்வீர்களே அம்மா, அந்தப் 'போவாள்' எதிர்காலமா?" என்று கேட்டார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அறுபது வருடமாகப் பேசும் மொழியில் இதை நான் கவனித்ததே இல்லை! வழக்கமாக நடந்ததைச் சொல்லும் அந்தப் 'போவாள்'தான் ஸ்பானியத்தில் 'ஈபா'. ஒருநாள் போனாள், அவ்வளவுதான் என்றால் 'ஃபுவே'. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதற்கு 'ஈபா'வின் இனத்தைச் சேர்ந்த 'கொமீயா'; அப்போது அவர் கூப்பிட்டார் என்பதற்கு 'ஃபுவே'யின் இனத்தைச் சேர்ந்த 'யமோ'. சாப்பிட்டிருக்கிறேன் என்பதற்கு 'ஏ கொமீதோ'. இன்று சாப்பிட்டதை மாட்ரிட்டில் இப்படித்தான் சொல்வார்கள். மெக்சிகோவில் பெரும்பாலும் வெறும் 'கொமீ' போதும். சம்பந்தியம்மா எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்பவே ஆசிரியை பயிற்சி கொடுத்தார்.

சென்ற வாரம் சம்பந்தியம்மாவிடம் முதல் கதையைச் சொன்னேன். மழை வந்தால் மகள் மொட்டைமாடிக்கு ஓடுவாள், 'கொர்ரீயா'. ஒருநாள் விழுந்தாள், 'ஸே கயோ'. "அடிபட்டதா?" என்று அவர் பதறிக் கேட்டது எனக்குப் புரிந்தது.

ஒரு பெரிய குறையும் உண்டு. வகுப்பில் தரும் அச்சுத் தாள்களில் அழுத்தக் குறிகள் இல்லை. ஸ்பானியத்திலும் விகுதிதான் ஆளைக் காட்டுகிறது. 'ஆப்லோ' என்பதன் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'பேசினாள்'. குறி விட்டுப்போனால் ஆளும் காலமும் சேர்ந்தே மாறிவிடுகின்றன. கேட்டவுடன் ஆசிரியை உட்கார்ந்து குறியிட்டுக் கொடுத்தார். சேர்பவர்கள் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.