வார இறுதிக்கு ஃபெஸ்ஸா, மராகேஷா?

மொராக்கோவில் இரண்டு நாள் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் மராகேஷுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து விமானங்கள் அதிகம், விமான நிலையமும் பழைய நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சரி. ஆனால் நீங்கள் போவது அந்த ஊரின் கலையையும் கைத்தொழிலையும் பார்ப்பதற்காக என்றால் ஃபெஸ்ஸுக்குத்தான் போக வேண்டும் என்பேன். ஒரே ஒரு விஷயத்தில் மராகேஷை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

வயதில் ஃபெஸ் மூத்தது. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்ரீஸிய மன்னர்கள் எழுப்பிய ஊர் அது. மராகேஷ் 1070 வாக்கில் வந்தது. இரண்டு ஊர்களின் மதீனாக்களும், அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரங்களும், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன, ஃபெஸ் 1981இல், மராகேஷ் 1985இல். ஆனால் நடந்து பார்க்கும்போது தெரிகிற வித்தியாசம் வேறு. ஃபெஸ்ஸின் பழைய நகரத்துக்குள் கார் நுழையவே முடியாது, சிலிண்டரிலிருந்து தோல் மூட்டை வரை கழுதையும் கோவேறு கழுதையும்தான் சுமக்கின்றன, பின்னாலிருந்து "பாலக், பாலக்" என்று குரல் கேட்டால் சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மராகேஷில் அதே அளவு குறுகலான சந்துகளில் மோட்டார் பைக்குகள் உரசிக்கொண்டு போகின்றன. சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நடப்பது பெரிய அவஸ்தை.

ஃபெஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஸஃபாரீன் சதுக்கம். பாத்திரக்காரர்கள் வெளியே உட்கார்ந்து செம்புத் தகட்டைத் தட்டித் தட்டிக் குழி எடுக்கிறார்கள், கல்யாண வீட்டுக்குச் சமைக்கிற அளவு பெரிய அண்டாக்கள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அந்தச் சத்தத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிறது கரவிய்யீன் நூலகம். 14ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனின் நூல் ஒன்றின் பழைய கையெழுத்துப் பிரதியைப் பாதுகாத்து வைத்திருக்கும் இடம். கரவிய்யீன் பள்ளிவாசலை 859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் கட்டினார் என்பது மரபு. முஸ்லிம்கள் உள்ளே போய்த் தொழலாம். மற்றவர்கள் திறந்திருக்கும் வாசல் வழியாக முற்றத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் ஷுவாரா தோல் பதனிடும் களம். சுற்றியிருக்கிற கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க முடியும், ஏறும்போதே மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்து ஒன்றைக் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீர், தோலை மிருதுவாக்குவது அதுதான். பக்கத்திலேயே சாயத் தொட்டிகள், அதில் ஆட்கள் தொடையளவு இறங்கி நின்று காலால் மிதிக்கிறார்கள். படம் எடுக்க அழகாக இருக்கிறது, ஆனால் அது உடம்பை முறிக்கிற வேலை, ஐந்து நிமிடமாவது கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.

மதரஸாக்களை ஒப்பிட்டால் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். மராகேஷின் பென் யூசுஃப் 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம், புதுப்பித்து 2022இல் மறுபடி திறந்தார்கள், முற்றம் பிரம்மாண்டம். ஃபெஸ்ஸின் பூ இனானியா அதைவிட இருநூறு வருடம் பழையது, மினாரோடு கூடியது. அத்தாரீன் இன்னும் மூத்தது, சின்னது. கீழே வண்ண ஓட்டுப் பதிப்பு, நடுவே சுதைச் செதுக்கல், மேலே தேவதாரு மரம் என்ற அந்த வரிசையைக் கண்ணுக்கு மிக அருகில் பார்க்க அத்தாரீன்தான் சரி. ஸாதிய வம்ச மன்னர்களின் கல்லறைகள், பாஹியா அரண்மனை இரண்டும் மராகேஷின் பலம், ஆனால் கூட்டம் நெரியும், காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள்.

இப்போது அந்த ஒரே விஷயம்: ஜமா அல்-ஃப்னா. பகலில் அந்த மைதானம் சுமார்தான், பாம்பாட்டிகளும் மருதாணிக்காரிகளும் காசுக்குத் துரத்துவார்கள். பொழுது சாய்ந்ததும் புகை கிளம்பும், உணவுக் கடைகள் முளைக்கும், இரும்புத் தாளம் தட்டிக்கொண்டு க்னாவா என்ற மொராக்கோ மரபிசைப் பாடகர்கள் உட்காருவார்கள், ஆங்காங்கே வட்டம் கட்டி உள்ளூர் மக்கள் நின்று கேட்பார்கள். யுனெஸ்கோ 2001இல் வாய்மொழி மரபின் தலைசிறந்த சான்று என்று இதை அறிவித்தது. ஃபெஸ்ஸில் இரவு ஒன்பது மணிக்கு மேல் சந்துகள் அடங்கிவிடும், இதற்கு ஈடாக அங்கே எதுவும் இல்லை.

சாப்பாட்டில் மராகேஷுக்கு தன்ஜியா: இறைச்சியை மண் ஜாடியில் போட்டு ஹம்மாம் என்ற பொதுக் குளியல் கூடத்தின் அடுப்புச் சாம்பலில் மணிக்கணக்கில் வேக விடுவது. சைவர்களுக்கு ஃபெஸ் பரவாயில்லை, காலையில் ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவிய பிஸ்ஸாரா என்ற மொச்சை வகைக் கூழ், சுடச்சுட ரொட்டியோடு.

ஃபெஸ் என்று முடிவெடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: வெள்ளிக்கிழமை மதீனாவில் பெரும்பாலான கடைகளும் பட்டறைகளும் மூடியிருக்கும். அன்று மாலை போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை முழுவதையும் பட்டறைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "அந்த வழி அடைத்திருக்கிறது, நான் காட்டுகிறேன்" என்று வருகிறவர்கள் இரண்டு ஊரிலும் உண்டு, அடையாள அட்டை உள்ள வழிகாட்டியை அரை நாளுக்கு அமர்த்திக்கொண்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் விடும். ஒரே வார இறுதியில் இரண்டையும் பார்க்கலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள், ரயிலில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் போய்விடும். ஃபெஸ்ஸில் அரை நாள் மிஞ்சினால் பக்கத்திலிருக்கிற பழைய தலைநகரமான மெக்னெஸுக்குப் போய் வாருங்கள்.