கால், இடுப்புக்குக் கைவழிச் சிகிச்சை: நாள்பட எது நிற்கிறது?

கையால் அழுத்தியும் நீட்டியும் செய்யும் சிகிச்சை முடிந்து மேசையை விட்டு இறங்கியதும் கால் பஞ்சுபோல் இருக்கும். அதை நம்பி மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். அந்த இளக்கம் சில மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள். அழுத்தியதால் தசை நீண்டுவிடுவதில்லை; இறுக்கிப் பிடித்திருந்த நரம்பு மண்டலம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் காலை படியேறும்போதும், ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கும்போதும் வலி எப்படி என்பதுதான் சரியான அளவுகோல்.

அதிகம் பலன் தருவதும், அதிகம் சொதப்பப்படுவதும் பிட்டத்துக்குள் ஆழத்தில் கிடக்கும் பிரிஃபார்மிஸ் தசைதான். குப்புறப் படுக்க வேண்டும். முதுகடி எலும்பின் ஓரத்துக்கும், தொடையின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எலும்புக்கும் நடுவே கட்டைவிரலோ முழங்கையோ மெல்ல இறங்கி 30 முதல் 60 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். எண்ணெய் வேண்டாம், வழுக்கும். வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டினால் உடம்பு எதிர்த்து இறுகும். பல்லைக் கடித்துப் பொறுப்பவருக்குப் பலன் குறைவு. காலுக்குள் சுரீரென ஓடினால் அழுத்துவது தசையை அல்ல, சயாட்டிக் நரம்பை. உடனே சொல்லுங்கள், ஒரு விரற்கடை நகர்த்தச் சொல்லுங்கள்.

தொடையின் பின்தசைக்கு அழுத்துவதைவிட 'இறுக்கி விடும்' முறை மேல். மல்லாந்து படுத்து, நீட்டிய காலைத் தூக்கிக்கொண்டே போய், முதல் தடை தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து சிகிச்சையாளரின் கைக்கு எதிராக, முழு பலத்தில் ஐந்தில் ஒரு பங்கோடு 5 முதல் 7 விநாடி கீழே அழுத்தி, மூச்சை விட்டுத் தளர்ந்தபின் கால் இன்னும் சற்று உயரும். மூன்று முதல் ஐந்து முறை போதும். முழு பலத்தையும் போட்டால் தசை பிடித்துக்கொள்ளும்.

'இடுப்பு விலகியிருக்கிறது, தட்டி உட்கார வைத்தேன்' என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். இடுப்பெலும்பும் முதுகடி எலும்பும் சேரும் மூட்டு அசைவதே ஓரிரு மில்லிமீட்டர். அதைக் கையால் தடவிப் பார்த்து இரண்டு பேர் ஒரே முடிவுக்கு வருவதே அரிது. படுக்கையில் தெரியும் கால் நீள வித்தியாசம், படுத்த கோணத்தாலும் வரும். தட்டும்போது கேட்கும் 'டக்' என்பது மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி எழுப்பும் சத்தம். வலி குறைவது உண்மை, சொல்லும் காரணம்தான் தவறு.

முழங்காலின் பின்குழியில் ஆழ அழுத்தக் கூடாது. அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், ரத்தக்கட்டு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது. தொடையிடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் வராமல் போனால் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் தசைக்கடுப்பு வழக்கம். அதற்குமேல் நீண்டால் அழுத்தம் அதிகம். இளக்கம் இருக்கும் அன்றே, மல்லாந்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியும், பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்தும் பயிற்சியும் 10 தடவை வீதம் மூன்று சுற்று செய்தால்தான் கிடைத்த அசைவு தங்கும். நான்கு அமர்வு முடிந்தும் படியேறும்போது அதே வலி என்றால், ஐந்தாவதற்கு முன்பதிவு செய்யாமல் வலியின் மூலத்தை மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள்.