தொடர்மாடி வீடு, பூஞ்சணம், மூன்று கருவிகள்: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

கொழும்பு வடக்கில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொடர்மாடியொன்றின் ஐந்தாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வீடு கிடைத்தவர் வேறொருவர், அவரிடம் வாடகைக்கு எடுத்தவர்கள் நாங்கள். இரண்டு அறை, ஒரு ஹோல், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் குசினி. பூஞ்சணத்தோடு மல்லுக்கட்டியதில் சில கருவிகள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. இரண்டு தென்மேற்குப் பருவமழைகளைத் தாண்டிப் பாவித்த பிறகு எது காசுக்குப் பெறுமதி என்று கேட்டால், எல்லாவற்றிலும் மலிவானதைத்தான் சொல்வேன்.

அது ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. புளூடூத் வழியாக வெப்பநிலையும் ஈரப்பதமும் போனுக்கு வரும், பழைய அளவுகளை வரைபடமாகவும் பார்க்கலாம். வாங்கியதும் உப்புச் சோதனை செய்து பாருங்கள். ஒரு போத்தல் மூடியில் கறியுப்பைப் போட்டு, சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, கருவியோடு சேர்த்து ஸிப் பையில் இறுக்கி மூடி ஓர் இரவு வையுங்கள். ஈர உப்புக்கு மேலே உள்ள காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும், அது இயற்கை விதி. என்னுடையது 71 காட்டியது. அன்றிலிருந்து நாலைக் கூட்டித்தான் வாசிக்கிறேன். இந்த விலைக்கு ஐந்து புள்ளி முன்னே பின்னே இருப்பது சகஜம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கருவியை ஹோல் நடுவில் வைத்துப் பிரயோசனமில்லை. அலுமாரிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும். அப்படி வைத்த பிறகுதான் எங்கள் படுக்கையறைச் சுவர் ஏன் கறுக்கிறது என்று விளங்கியது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் ஏசி அறை. எங்கள் அறைக் காற்று 29 பாகை, ஈரப்பதம் 79 சதவீதம் என்று வையுங்கள். அவருடைய ஏசியால் சுவரின் எங்கள் பக்கம் 27 பாகைக்கு இறங்கினாலே போதும், சுவரைத் தொடும் காற்றில் அந்த 79 ஏறக்குறைய 89 ஆகிவிடும். சுவர் மேற்பரப்பில் 80க்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? ஏசி குளிர் அவருக்கு, பூஞ்சணம் எங்களுக்கு. சொல்லிப் பார்த்தோம். அண்ணர் நல்ல மனுசன்தான், பகலில் 26இல் வைப்பார், இரவானால் பழைய குருடிதான். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைக் கீழே பொருத்தினோம். காற்று ஓடத் தொடங்கியதும் புதுக் கறை வருவது நின்றது. கரண்டும் பேருக்குத்தான்.

குளியலறைக்கு வெளியே உள்ள மூலை வேறு கதை. ஒரு துண்டு பொலித்தீனைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்தோம். பொலித்தீனின் முன்பக்கம் வியர்த்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது, பின்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்களுடையது பின்பக்கம் சொட்டியது. கட்டடத்தைப் பராமரிக்கும் அலுவலகத்தில் முறையிட்டபோது, "வீட்டுக்குள்ளே உடுப்புக் காயப் போடுறீங்க, அதுதான்" என்றார்கள். பல்கனி இல்லாத வீட்டில் உடுப்பை எங்கே காயப் போடுவது என்பது அவர்கள் கவலையில்லை. மாசி மாதம் வரை பொறுத்திருந்து வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கொழும்பில் தை, மாசிதான் கொஞ்சம் வறண்ட காலம். ஹோல் மத்தியானத்தில் 65க்கு இறங்குகிறது, அந்த மூலை மட்டும் 90க்குக் கீழே வரவே இல்லை. உடுப்பு என்றால் ஹோலும்தானே ஏற வேண்டும்? அப்புறம் ஆள் வந்தது. மேல்மாடி அக்கா வீட்டுக் குளியலறைத் தரைக்குள் போகும் கழிவுக் குழாயின் மூட்டு விட்டிருந்தது. மாற்றினார்கள். ஆனால் சுவர் காய மாதங்கள் பிடித்தன. அதற்குள் பெயிண்ட் அடிக்க வந்த வீட்டுக்காரரைத் தடுத்து நிறுத்துவதுதான் பெரிய பாடாய்ப் போயிற்று.

லண்டனில் இருக்கும் மச்சாளின் கவுன்சில் வீட்டில் (உள்ளூராட்சி சபை வாடகைக்குக் கொடுக்கும் வீடு) இதே மாதிரிச் சென்சர்களை வீட்டு நிர்வாகமே பொருத்திவிட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சணத்தால் இறந்த பிறகு விஷயம் பெரிதாகி, அந்தப் பிள்ளையின் பெயரிலேயே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் முதல், சமூக வீடுகளில் கடுமையான ஈரம், பூஞ்சணம் என்று முறையிட்டால் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும், அவசர ஆபத்து என்றால் 24 மணிநேரம். அதற்கு முன்னரே, 2021இல், வாடகைக்காரரின் வாழ்க்கை முறையைக் குற்றம் சொல்வதை நிறுத்தச் சொல்லி அந்நாட்டு வீடமைப்புக் குறைதீர் அதிகாரி அறிக்கை விட்டிருந்தார். மச்சாளுக்குச் சென்சர் மேல் அரைமனம்தான். பதிவு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, அதை யாருக்கு எதிராகப் பாவிப்பார்கள் என்கிறாள். என்னைக் கேட்டால், பதிவு குடியிருப்பவர் போனிலும் இருக்க வேண்டும்.

அங்கே கொடுக்கும் ஆலோசனை எல்லாம் இங்கே சரிவராது என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் வெளிக்காற்றில் நீராவி குறைவு, ஜன்னலைத் திறந்தால் வீடு காயும். கொழும்பில் மழை நாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். திறப்பதா மூடுவதா என்று நான் கருவியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். குசினி எக்ஸோஸ்ட் ஃபேன் மட்டும் விதிவிலக்கு. சோறு வேகும்போது எந்தக் காலநிலையிலும் போட வேண்டும்.

மச்சாள் கொண்டுவந்து தந்த குட்டி ஈரம் உறிஞ்சி, உள்ளே கம்ப்ரசர் இல்லாத வகை, அழகாக இருக்கிறது. நாள் முழுக்க ஓடினாலும் ஒரு கோப்பை தண்ணீர்தான். இப்போது பட்டுச்சேலை அலுமாரிக்குள் இருக்கிறது, அங்கே அது போதும்.

கம்ப்ரசர் உள்ள பெரிய ஈரம் உறிஞ்சி உண்மையிலேயே வேலை செய்கிறது. கதவைச் சாத்திய அறையை இரண்டு மூன்று மணிநேரத்தில் 80இலிருந்து 60க்கு இறக்கும். ஆனால் ஜன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துவாரங்களை மட்டையால் அடைக்காவிட்டால் கொழும்பு முழுவதையும் உலர்த்தப் பார்க்கிற கதைதான். அறையும் சூடாகும். உறிஞ்சும் நீராவியின் வெப்பமும் மோட்டாரின் வெப்பமும் அறைக்குள்ளேதான் விழும். சித்திரையில் அதைப் போட்டுக்கொண்டு அதே அறையில் படுக்க முடியாது. எங்களுடையது 250 வோட், ஒரு நாளைக்கு ஆறு மணிநேரம் என்றால் மாதம் 45 யூனிட். 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதால், மழை விடாமல் பெய்யும் வாரங்களில் மட்டும், எல்லாரும் வெளியே போன பிறகு, உடுப்புக் காயும் அறையில் போடுகிறோம்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் உறிஞ்சும் என்று பெட்டியில் எழுதியிருக்கும் கணக்கை நன்றாகப் பாருங்கள். பெரிய எழுத்தில் போடுவது 30 பாகை, 80 சதவீத ஈரப்பதத்தில் எடுத்த அளவு. அறை காயக் காய அது குறைந்து, 27 பாகை, 60 சதவீதத்தில் ஏறக்குறையப் பாதிதான் வரும். தொட்டியில் குழாய் செருகும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் தொட்டி நிறைந்ததும் தானாக நின்றுவிடும், நீங்கள் வேலையிலிருந்து வரும்வரை சும்மா கிடக்கும். வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவ வேண்டும். எங்கள் பக்கத்துத் தூசிக்கு அதுவே காணாது.