ஹோண்டா எஸ்2000: நான்கு வருடம் போர்த்தி வைத்தேன், எட்டு வருடமாக ஓட்டுகிறேன்

2013 ஆகஸ்டில் வாங்கினேன். 2002 மாடல், வெள்ளி நிறம், 38,200 மைல் ஓடியிருந்தது, விலை 14,500 டாலர். இன்று காலை ஓடோமீட்டர் காட்டியது 99,340. அதாவது என் கையில் ஓடியது 61,000 மைலுக்குக் கொஞ்சம் அதிகம். அதில் முதல் நான்கு வருடத்தின் பங்கு வெறும் 1,400 மைல். இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த 1,400 மைலைப் பற்றித்தான்.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. ஹோண்டா தன் ஐம்பதாவது வருடத்தையொட்டி 1999-இல் ஜப்பானில் இறக்கிய இரண்டு சீட் திறந்த கார். இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, ஆனாலும் அமெரிக்க மாடலில் 240 குதிரைத்திறன். 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) வரை முறுக்கலாம். ஆறு கியர் மேனுவல் மட்டும்தான். ஆட்டோமேட்டிக் என்று ஒன்று கடைசிவரை வரவில்லை. 2004-இல் அமெரிக்காவுக்கு 2.2 லிட்டர் எஞ்சின் போட்டு, சிவப்புக் கோட்டை, அதாவது எஞ்சின் முறுக்கலாம் என்ற எல்லையை, 8,000-க்கு இறக்கினார்கள். 2009-உடன் நிறுத்திவிட்டார்கள். என்னுடையது அந்த 9,000 சாதி. ஆட்கள் ஏபி1 என்பார்கள்.

வாங்கிய நாளில் இருந்தே எனக்கு ஒரு பயம். இனிமேல் இப்படி ஒரு எஞ்சினை யாரும் செய்யப்போவதில்லை, விலை ஏறும், கெடுத்துவிடக் கூடாது. ஓஹையோவில் கொலம்பஸ் பக்கம் குடியிருக்கிறோம். குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்புக் கொட்டுவார்கள். ஆகவே நவம்பரில் கராஜில் ஏற்றி, மெத்தென்ற துணி உறை போட்டு மூடினேன். ஏப்ரலில் எடுக்கலாம் என்றால், மழை வருமோ என்று தயக்கம். மே மாதம் நெடுஞ்சாலையில் ஜல்லி தெறிக்கும். ஜூலையில் வெயில், டாப் (மடக்கும் கூரை) துணி வெளுத்துவிடும். இப்படி நல்ல நேரம் பார்த்துப் பார்த்தே வருடம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை துடைப்பது, அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது, மறுபடி மூடுவது. 2015-இல் அம்மா கும்பகோணத்தில் இருந்து வந்து மூன்று மாதம் தங்கியிருந்தார். உறை போட்ட வண்டியைத் தாண்டித்தான் தினமும் துணி துவைக்கும் மெஷினுக்குப் போக வேண்டும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏண்டா, இது என்ன கோயில் தேரா? தேர்கூட வருஷத்துக்கு ஒரு தடவையாவது நிலையைவிட்டுக் கிளம்பும்டா." சிரித்து மழுப்பினேன்.

குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பேன். இது நல்லது என்று நினைத்தேன். இதுதான் நான் செய்ததிலேயே கெட்ட காரியம். ஆயில் நன்றாகச் சூடாக வேண்டுமென்றால், சாலையில் இறங்கி பதினைந்து இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் எஞ்சினுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் நீராவி படிவதுதான் மிச்சம். அது ஆவியாகிப் போவதற்குள் நாம் அணைத்துவிடுவோம். ஆயில் மூடியின் உட்புறம் மோர் போல ஒரு படலம் ஒட்டியிருந்தது. ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள சீல்) போய்விட்டதோ என்று வயிற்றைக் கலக்கி, மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "கடைசியாக எப்போது ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல ஓட்டினீர்கள்?"

பிறகு 2017 மே. அந்த வருடம் ஒன்றாகக் கணக்குத் தீர்த்துக்கொண்டது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர் ஒன்றைச் சப்பி வைத்திருந்தது. (ஹோண்டாவே மிளகாய்க் காரம் ஏற்றிய ஒரு டேப் விற்கிறது, ஒயரில் சுற்ற. நம் வீட்டில் வற்றலுக்குக் காவல் போடுவோம், இங்கே மிளகாய் ஒயருக்குக் காவல்.) பின் பக்க பிரேக் காலிப்பர் ஒன்று இறுகிக்கிடந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மைல் ஏறவில்லையே என்று நான் விட்டுவிட்டேன். ஏசி குளிரவில்லை. கம்ப்ரெசர் சுற்றும்போதுதான் அதன் சீலுக்கு எண்ணெய்ப் பசை போய்ச் சேரும். சுற்றாத சீல் காய்ந்து கசிந்துவிட்டது. பின் சக்கர அலைன்மென்ட் போல்ட்கள் புஷ்ஷோடு சேர்ந்து துருவேறி அசையவே இல்லை, அறுத்துத்தான் எடுத்தார்கள். இது இந்த மாடலுக்கே உள்ள வியாதி, முழுக்க என் தப்பு இல்லை. மொத்தம் 2,600 டாலர். அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் வண்டி ஓடிய தூரம் 290 மைல்.

காசு போனது கூடப் பரவாயில்லை. அதே ஜூனில், எல்லாம் சரிசெய்து எடுத்த முதல் வாரம், லேசான தூறலில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவில் பின்பக்கம் சடாரென்று விலகியது. வேகம் நாற்பதுகூட இல்லை. ஏபி1-க்கு இந்தப் பேர் உண்டு: சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின் சக்கரத்தின் கோணம் மாறும், வழுக்க ஆரம்பித்தால் முன்னறிவிப்பு தராது. 2004-இல் அதைத் திருத்தினார்கள். ஆனால் அன்று குற்றம் சஸ்பென்ஷன் மேல் இல்லை. முழு வட்டமடித்துப் புல்லில் நின்றேன். எதன் மீதும் மோதவில்லை, யாருக்கும் அடியில்லை. கை நடுக்கம் நின்ற பிறகு இறங்கிப் போய் டயரைப் பார்த்தேன். பூ அப்படியே புதிதாக இருந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதிக் குறி இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரத்தைச் சொல்லும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தைச் சொல்லும். 2308 என்றிருந்தது. ஒன்பது வயது ரப்பர், நகத்தால் அழுத்தினால் பலகை மாதிரி. டயர் தேயாமல் பார்த்துக்கொண்டேன் என்று நான்கு வருடமாகப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து புது டயருக்குச் சொல்லிவிட்டு, உறையை மடித்துப் பரணில் போட்டேன்.

அதற்குப் பிறகு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் மூன்று நாள் ஆபீசுக்கே இதில்தான். இதற்காக இன்சூரன்ஸ் மாற்ற வேண்டியிருந்தது. சேகரிப்பு வண்டிகளுக்கான பாலிசி மலிவு, விலையையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வார்கள். ஆனால் தினசரி வேலைக்குப் போக ஓட்டக் கூடாது என்று நிபந்தனை. சாதாரண பாலிசிக்கு மாறியதில் வருடம் 400 டாலர் கூடுதல். பெட்ரோலும் பிரீமியம்தான் போட வேண்டும். டிக்கியில் இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டை இரண்டும் ஒரு காய்கறிப் பையும் பிடிக்கும். கருவேப்பிலை மனைவியின் மடியில் வரும். ஸ்டியரிங்கை ஏற்ற இறக்க முடியாது, ஆறடிக்கு மேல் உள்ளவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கவும். மற்றபடி சவுகரியம் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எஞ்சினைப் பற்றி எழுத உண்டு. 6,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இது ஒரு சிவிக், ஹோண்டாவின் சாதாரண குடும்பக் கார். காய்கறி வாங்கப் போகலாம், அவ்வளவுதான். 6,000-ஐத் தொட்டதும் விடெக்கின் (வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு) பெரிய கேம் பிடிக்கும், வால்வுகள் இன்னும் அகலத் திறக்கும். குரல் மாறும், அடுத்த 3,000-க்கு வண்டி வேறு ஆளாகிவிடும். முதல் நான்கு வருடத்தில் நான் 5,000-ஐத் தாண்டியதே இல்லை, தேய்ந்துவிடும் என்று. எதை வாங்கினேனோ அதை ஒருமுறைகூடக் கேட்காமலேயே பாதுகாத்திருக்கிறேன். தென்கிழக்கு ஓஹையோவில் 555 என்று ஒரு மாநிலச் சாலை இருக்கிறது. ஏற்றமும் இறக்கமும் திருப்பமுமாக ஓஹையோ ஆற்றுப் பக்கம் இறங்கும். இரண்டாம் கியரில் 8,500 வரை இழுத்து மூன்றாவதைத் தட்டும்போது வரும் சத்தத்துக்கு இன்னும் பழகவில்லை.

முறுக்கினால் ஆயில் குடிக்கும். என்னுடையது 1,200 மைலுக்கு ஒரு குவார்ட், ஏறக்குறைய ஒரு லிட்டர். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை டிப்ஸ்டிக் பார்ப்பேன். பார்க்காமல் ஓட்டி எஞ்சினை இழந்தவர்கள் உண்டு. வால்வு ரிடெய்னர்களை (வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கும் துண்டுகள்) 70,000 மைலில் 2004-க்குப் பிந்தைய வகைக்கு மாற்றினேன். மூன்றில் இருந்து நான்குக்குப் போக வேண்டிய கை தவறி இரண்டில் விழுந்தால், எஞ்சின் அளவுமீறிச் சுற்றி, பழைய ரிடெய்னர் விரிசல் விடும். டைமிங் செயின் டென்ஷனர் ஒன்று, கிளட்ச் ஒன்று, துணி டாப் ஒன்று. எட்டு வருடத்தில் நடுவழியில் நின்றது ஒரே முறை, அதுவும் பேட்டரி.

நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முன் பம்பர் அம்மைத் தழும்பு போல ஜல்லிக் குழிகளால் நிறைந்துவிட்டது. ஓட்டுநர் சீட்டின் இடது விளிம்பு வெடித்திருக்கிறது. 2000-இல் இந்தக் காரின் ஷோரூம் விலை சுமார் 32,000 டாலர். மைல் ஓடாத வண்டிகள் இன்று அதையும் தாண்டி விற்கின்றன. என் வண்டிக்கு அதில் பாதியைச் சற்றுத் தாண்டினால் அதிகம். போர்த்தியே வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணம் எனக்கு உறுத்துவதில்லை என்று சொன்னால் பொய். எண்ணூறு மைல் மட்டும் ஓடிய வண்டி ஒன்று உங்களிடம் இருந்தால், அதை ஓட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அது வாகனம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது, அதை அப்படியே வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. என்னுடையது 38,000-இல் வந்தது. அது ஏற்கெனவே ஓடிய வண்டி. அருங்காட்சியகத்துக்கும் ஆகாது, அப்போது சாலையையும் பார்க்கவில்லை.

குளிர்காலப் பழக்கமும் மாறிவிட்டது. நவம்பரில் புது ஆயில், நிரம்பிய டேங்க், பெட்ரோல் கெடாமல் இருக்க மருந்து, பேட்டரிக்கு டிரிக்கிள் சார்ஜர், டாப்பை ஏற்றியே வைப்பது. அப்புறம் மார்ச்வரை தொடுவதே இல்லை. ஸ்டார்ட்டும் கிடையாது. முதல் நல்ல மழை உப்பைக் கழுவிய பிறகு எடுக்கிறேன்.

போன மாதம் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, லட்சம் மைலைத் தொடுவதற்குள் விற்றுவிடுங்கள், ஆறு இலக்கம் ஆனால் விலை சரியும் என்றார். உண்மைதான். இன்னும் 660 மைல் இருக்கிறது. அக்டோபரில் நார்த் கரோலைனா எல்லையில் டீல்ஸ் கேப்புக்கு அறை போட்டிருக்கிறேன். 11 மைலில் 318 வளைவுகள் உள்ள மலைச்சாலை. இங்கிருந்து போய்ச் சேரவே சுமார் நானூறு ஆகிவிடும். மீதி மலையிலேயே முடிந்துவிடும் என்று கணக்கு. டிக்கியில் இரண்டு குவார்ட் ஆயில் எடுத்து வைத்தாயிற்று.